தேசம்மா வீட்டு வழி

ஸ்டேஷன் மதிலில் சனம் புகுந்து போய்வந்த உடைப்பை ரயில்வேக்காரர்கள் செங்கல் வைத்து அடைத்த மறுநாளே, தேசம்மா தன் வாசல் கதவையும் புழக்கடைக் கதவையும் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டாள். புழக்கடையைத் தாண்டினால் பிளாட்பாரம். அன்றிலிருந்து அந்தப் பேட்டையில் யார் வழி கேட்டாலும், "தேசம்மா வூட்டுக்குள்ள பூந்து போ" என்றுதான் சொன்னார்கள். வண்டியைப் பிடிக்க ஓடுகிறவர்கள் எத்தனை அவசரத்திலும் வாசலில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, அடுப்பையும் சாமி படத்தையும் தூளியில் தூங்கும் குழந்தையையும் கடந்து, அந்தப் பக்கம் போய்க் காலில் மாட்டிக்கொண்டார்கள். தேசம்மா நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாள். "கொழம்பு கொதிக்குது, பாத்து" என்பதோடு சரி.

ஒரு காலையில் ரயில்வே அதிகாரி ஒருவர் கொத்தனாரோடு வந்தார். புழக்கடை வாசலையும் அடைக்க வேண்டுமாம், அளக்க வேண்டுமாம். ஷூ காலைப் படியில் வைத்தார்.

"ஷூவ கழட்டு சார்" என்றாள் தேசம்மா.

"யார்கிட்ட பேசறேன்னு தெரியுதாம்மா?"

"எங்க நின்னு பேசறேன்னு தெரியுது."

அதிகாரி திரும்பிப் பார்த்தார். கொத்தனார் கையில் செருப்பு இருந்தது. அவருக்குப் பின்னால் தெருமுனை வரைக்கும் சனம், கையில் செருப்போடு நின்றிருந்தது. வண்டி ஊதிக்கொண்டு வந்தது, நின்றது, போயும் விட்டது. ஒருவர்கூட நகரவில்லை.

தேசம்மா குழம்பை இறக்கி வைத்துவிட்டு, வாசலில் வந்து சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"நிதானமா கழட்டு சார். அட்த்த வண்டி வருது."