மைனஸ் நூற்றுப் பன்னிரண்டு

திரையில், கல்யாணத்துக்கு நாள் எண்ணும் கடிகாரத்தில், எண்ணுக்கு முன்னால் ஒரு சிறு கோடு நின்றது.

மைனஸ் நூற்றுப் பன்னிரண்டு நாள்கள்.

கீழே அவள் படம். பக்கத்தில் சபரிநாதன். நிச்சயத்தன்று எடுத்தது. இருவரும் வேறு யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

பூஜ்யம் வந்ததும் நின்றுவிடு என்று அவள் நிரலில் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. அப்போதுதான் கற்றுக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு இந்த இணைய அழைப்பிதழை யார் திறந்து பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டாள்.

பதினோரு நாள் இருக்கும்போது மாப்பிள்ளை வீட்டில் வேண்டாம் என்றார்கள்.

காரணம் சொல்லவில்லை.

அப்பா ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டு, கல்யாணம் நின்றுவிட்டது என்றார். நான்கு நாள் அதையே சொன்னார். ஐந்தாம் நாளிலிருந்து அவர் குரல் தணிந்துபோனது.

இந்தப் பக்கத்தைத் திறக்கக் கூடாது என்றுதான் இருந்தாள்.

வேலை தேட அவள் கட்டிய இணையதளத்தில் இரண்டே இரண்டு மாதிரிகள் இருந்தன. ஒரு கால்குலேட்டர். அன்றாட வேலைகளைக் குறித்துவைக்கும் ஒரு பட்டியல். இரண்டும் வீடியோ பார்த்துச் செய்தவை. எழுத்துருவை மாற்றினாள். நிறத்தை மாற்றினாள். தன்னைப் பற்றிய இரண்டு வரியை இருபது தடவை மாற்றினாள். முப்பத்தொரு கம்பெனிக்கு அனுப்பினாள்.

ஒரே ஒரு பதில். இன்று காலை, கோயம்புத்தூரிலிருந்து.

‘இந்தக் கால்குலேட்டர் எல்லோரிடமும் இருக்கிறது. நிஜ மனிதர்கள் பயன்படுத்திய ஏதாவது ஒன்று இருந்தால், ஐந்து மணிக்குள் சேர்த்து அனுப்புங்கள்.’

அப்படி அவளிடம் இருந்தது இது ஒன்றுதான். அறுநூற்றுப் பதினான்கு பேர் திறந்து பார்த்த பக்கம்.

வேலை கிடைத்தால் கோயம்புத்தூரில் விடுதி. அங்கே இந்தத் தெருவைப்போல யாரும் அவளைப் பார்த்துப் பாவப்பட மாட்டார்கள்.

முதலில் கடிகாரத்தைச் சரிசெய்தாள். பூஜ்யத்தில் நிற்கும்படி எழுதினாள். ஓடிக் காட்ட ஒரு தேதி வேண்டும். டிசம்பர் இருபது என்று போட்டாள். மார்கழி. யாரும் நிஜம் என்று நினைக்க மாட்டார்கள்.

எண்பத்தாறு நாள்கள்.

கோடு போய்விட்டது. நொடிகள் முறையாகக் குறையத் தொடங்கின.

இனி படத்தை எடுக்க வேண்டும். பிறகு பெயரை.

அப்பா டீயோடு வந்ததை அவள் கவனிக்கவில்லை.

பின்னால் டீ வாசனை வந்தது; தம்ளர் மேசையில் இறங்கவில்லை. திரும்பிப் பார்த்தாள். அவர் திரையைப் படித்துக்கொண்டிருந்தார். படத்தை. பெயரை. தேதியை.

“மாப்பிள்ளை பேசினாரா கண்ணு?”

இன்னும் மாப்பிள்ளை.

அவர் முகத்தைப் பார்த்தாள்.

“மார்கழில வேண்டாம் சாமி. அந்தத் தம்பிக்கு அதெல்லாம் தெரியாது. நீயாவது சொல்லக் கூடாதா?”

தம்ளரை வைத்தார். டீ கொஞ்சம் சிந்தியது. துடைக்காமல் உள்ளே போனார்.

அலமாரி திறந்தது. பஞ்சாங்கத்தின் தாள்கள் புரண்டன.

மணி நாலு ஐம்பது.

சபரிநாதன் என்ற பெயருக்குப் பின்னால் கர்சர் விட்டுவிட்டு மினுங்கியது. பத்து எழுத்துக்கூட இல்லை. அழித்துவிடலாம். போய்ச் சொல்லிவிடலாம். அப்பா, இது வேலைக்கு. சும்மா ஒரு மாதிரி.

நாற்காலியைப் பின்னால் தள்ளினாள்.

“தை பதினொண்ணு!” உள்ளிருந்து அவர் குரல் வந்தது. “இங்கிலீஷ் தேதி ஜனவரி இருபத்தஞ்சு. போட்டுப் பாரு.”

போட்டுப் பார்த்தாள்.

“எத்தனை நாள்?”

“நூத்தி இருபத்திரண்டுப்பா.”

“பத்தாதே கண்ணு. பத்திரிகை அடிக்கோணும். மண்டபம் சொல்லோணும்.” கதவருகே வந்து நின்றார். சிரிக்கிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றியிருந்தார்.

“பரவால்ல. சமாளிச்சுக்கலாம்.”

போனை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனார்.

படமும் பெயரும் அப்படியே இருக்க, அவள் பக்கத்தைத் தளத்தில் சேர்த்தாள். அனுப்பினாள்.

முன்னறையில் ஒரு சத்தமான குரல் கேட்டது. வைகாசியில் கல்யாணம் நின்றதற்குப் பிறகு அவரிடம் கேட்காத குரல்.

“மண்டபத்துக்காரருங்களா? வணக்கமுங்க. என்னை ஞாபகமிருக்குதுங்களா?”