பாதி மூடிய வால்வு

"தண்ணி நூல் மாதிரி வருது. இந்த வீட்ல யாராவது என்னன்னு பாத்தா தேவலை."

மாமனார் இதைச் சொன்னது ரோஜாச் செடியிடம். ரெண்டடி தள்ளி நின்றிருந்த மாப்பிள்ளையிடம் அல்ல.

கல்யாணமாகி இரண்டு வருஷம் கழித்து, மாப்பிள்ளை இந்த வீட்டு வாசற்படி ஏறியது நேற்றுதான். "புஸ்தகத்தை மொழிபெயர்க்கிறானாம்! ஒரு ஆணி ஒழுங்கா அடிக்கத் தெரியுமா அவனுக்கு?" என்று கேட்டு, பெண்ணின் காதல் கல்யாணத்துக்கு வரவே மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்ட மனிதர் அவர். தண்ணீர் ஏற்றும் நிலையத்தில் பம்புகளோடு முப்பது வருஷம் குப்பை கொட்டியவர். நேற்று சாப்பாட்டு மேஜையில்கூட, "உப்பு வேணுமான்னு அவர்கிட்ட கேளும்மா" என்று மகள் வழியாகத்தான் பேச்சு.

மாப்பிள்ளை உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான். இது அவன் மனைவி போட்ட திட்டம்.

"பின்பக்கச் சுவரோரமா, பூந்தொட்டிக்குப் பின்னால ஒரு வால்வு இருக்கு. தோட்டத்துக் குழாய்க்கு மட்டும்தான் அது. காலையில அதைப் பாதி மூடி வெச்சிடறேன். நீங்க போய்ச் சரி பண்ணுங்க. அப்பா அப்படியே உருகிடுவார்" என்று சொல்லியிருந்தாள். "உடனே போய்த் திறந்துடாதீங்க, சந்தேகம் வந்துடும். கொஞ்சம் நடிங்க."

நடித்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழாய் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"நான் பாக்கறேன் மாமா."

"எனக்கென்ன ஆட்சேபணை? எனக்கு இடுப்புப் பிடிப்பு. குனிய முடியலை" என்றார் மாமனார், இப்போதும் ரோஜாவைப் பார்த்தே.

முதலில் ரப்பர் ஹோஸ் எங்காவது மடங்கியிருக்கிறதா என்று ஒரு முனையிலிருந்து மறு முனை வரை தடவிப் பார்த்தான். மடிப்பு இல்லை. ஹோஸைக் கழற்றிவிட்டுக் குழாயைத் திறந்தான். அப்போதும் நூல்தான்.

"அப்ப ஹோஸ்ல கோளாறு இல்லை" என்று டாக்டர் மாதிரி அறிவித்தான்.

"ம்."

அடுத்து குழாய் வாயிலிருந்த சல்லடையைத் திருகி எடுத்து, மணலைத் தட்டி, சட்டைப் பையிலிருந்த பல் குச்சியால் ஒவ்வொரு ஓட்டையாகக் குத்தினான். நடிப்பு அவனுக்கே பிடித்துப்போயிற்று. அந்தச் சுவாரசியத்தில் சல்லடையோடு இருந்த வாஷர் கைநழுவி உருண்டது. மாமனார் சட்டென்று குனிந்து பொறுக்கிக் கொடுத்தார்.

சல்லடையை மாட்டியும் தண்ணீர் அப்படியேதான் வந்தது.

"குழாயையே கழட்டிப் பாத்துடலாமா மாமா? உள்ளே துரு அடைச்சிருக்கலாம்."

மாமனார் முகம் வெளிறியது. "குழாயையா? வேண்டாம், வேண்டாம்! புதுசு அது!" என்று பதறியவர், தொண்டையைச் செருமிக்கொண்டு ரோஜாவிடம் திரும்பினார். "சமையல்கட்டுல தண்ணி பிச்சுக்கிட்டு வருதே. அப்ப கோளாறு இந்தப் பக்கம் வர்ற பைப்புலதானே இருக்கணும்?"

"ஆமாம் மாமா. பைப்பு எங்கேயாவது உடைஞ்சிருக்குமோ? தோண்டிப் பாக்கணுமோ?" என்றான் மாப்பிள்ளை. இன்னும் கொஞ்சம் இழுக்கலாம் என்று ஆசை.

"தோண்டறதா!" மாமனார் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "நடுவுல வால்வு கீல்வுன்னு ஏதாவது இருந்தாலும் இருக்கும்."

இனியும் இழுத்தால் மனிதருக்கு ரத்தக் கொதிப்பு ஏறிவிடும் என்று தோன்றியது. மாப்பிள்ளை எழுந்து, மோப்பம் பிடிப்பவன்போலச் சுவரோரமாகவே நடந்து பூந்தொட்டியை நகர்த்தினான். சொன்ன இடத்தில் வால்வு. சொன்னபடி பாதி மூடியிருந்தது.

"மாமா! இதோ! யாரோ பாதி மூடி வெச்சிருக்காங்க!"

"அடடே!"

சக்கரத்தை முழுசாகத் திருகினான். தோட்டத்துக் குழாய் ஒரு தடவை இருமியது. பிறகு சீறிக்கொண்டு பாய்ந்து, மாமனாரை மார்பு வரை நனைத்தது.

அவன் பதறி ஓடிவந்து குழாயை மூடினான். ஆனால் அவர் சொட்டச் சொட்ட நின்று வாய்விட்டுச் சிரித்தார். ரோஜாவை விட்டுவிட்டு, முதல் முறையாக அவன் கண்ணைப் பார்த்தார்.

"பலே மாப்பிள்ளை! வாங்க, வாங்க, சூடா ஒரு காபி குடிப்போம். அடியே, மாப்பிள்ளைக்குத் துண்டு எடு!"

மாப்பிள்ளை! மாப்பிள்ளையா! அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. சமையல்கட்டு வாசலில் மனைவியைப் பிடித்துக் காதில் கிசுகிசுத்தான்.

"உன் மூளைக்குக் கோயிலே கட்டலாம்!"

அவள் பரிதாபமாக விழித்தாள். "கோவிச்சுக்காதீங்க. காலையிலிருந்து அம்மா என்னை இந்த இடத்தை விட்டு அசையவே விடலை. வால்வுப் பக்கம் போகவே முடியலைங்க. நாளைக்கு மூடிடறேன்."

அப்போது கூடத்திலிருந்து மாமனாரின் குரல், மாமியாரிடம் ரகசியமாக, ஆனால் தெருவுக்கே கேட்கிற மாதிரி வந்தது.

"வால்வை மூடினது நான்தான்னு உன் பொண்ணுகிட்ட உளறித் தொலைக்காதே. ரெண்டு வருஷ வீம்பை விட எனக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. அப்பப்பா, அதைக் கண்டுபிடிக்க வைக்கறதுக்குள்ள எனக்கு உயிரே போயிடுச்சு!"