முத்திரை மேசை

தணிக்கை அலுவலகத்தில் அவளுக்கு முத்திரை குத்தும் வேலை. ‘நாட்டின் பண்புக்கு விரோதமானது’ என்று சிவப்பு மையில் விழும். குத்தியதெல்லாம் சாயங்காலம் எரிப்பதற்குப் போகும்.

அன்று மதியம் வந்த கட்டுக்குள் அவள் கணவனின் கவிதை நோட்டு இருந்தது. அந்தக் கவிதைகளுக்காகச் சிறைக்குப் போனவன், போன வருடம் அங்கேயே இறந்துவிட்டான்.

“அக்கா, நான் குத்திடட்டுமா?” என்றாள் பக்கத்து மேசைப் பெண்.

“வேணாம்மா. நானே பாத்துக்கறேன்.”

கண்ணை மூடிக்கொண்டு முதல் பக்கத்தில் குத்தினாள். திறந்து பார்த்தால், சிவப்பு மையில், அவனுடைய கோணல் கையெழுத்தில், ‘சாப்பிட்டியா?’ என்று இருந்தது.

முத்திரையைத் திருப்பிப் பார்த்தாள். அதில் வழக்கமான வாசகம்தான் இருந்தது.

“ஆச்சு” என்று முணுமுணுத்தபடி அடுத்த பக்கத்தில் குத்தினாள்.

‘பொய் சொல்லாத’ என்று விழுந்தது.

அவள் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு டிபன் பாக்ஸைத் திறந்தாள்.