விளக்க அட்டை

எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். தொல்லியல் படித்துவிட்டு, ஏதென்ஸ் அருங்காட்சியகத்தில் கல்லறைக் கற்கள் இருக்கும் கூடத்தில், எட்டு மாத ஒப்பந்தக் காவலாளியாக "தொடாதீங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு கல்லில் செதுக்கிய காட்சியில், இறந்தவளின் கையைப் பிடித்து வீட்டார் விடைகொடுக்கிறார்கள். அவளோடு சேர்த்து நான்கு பேர். கீழே இருந்த விளக்க அட்டையில் ஐந்து பேர் என்று போட்டிருந்தது. மேற்பார்வையாளர் ஸ்பிலியோஸிடம் சொன்னேன்.

"பட்டம் வாங்கினவளுக்கு எண்ணத் தெரியலையா? அட்டை தப்பாகாதும்மா. போய் நில்லு."

அந்த வெள்ளிக்கிழமை, ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டவர்களின் பட்டியலை ஒட்டினார்கள். பக்கத்துக் கூடத்துக் காவலாளி ஸ்டமாத்தியாவின் பெயர் அதில் இல்லை. அவரவர் பெயரைப் பார்த்துக்கொண்டு அவரவர் போய்விட்டோம். அதன்பிறகு அவள் போனை எடுக்கவில்லை.

திங்கட்கிழமை கல்லில் ஐந்தாவதாக ஒருத்தி நின்றாள். ஸ்டமாத்தியாவின் அதே கோணல் மூக்கு. மற்ற நால்வரைப் போலவே அவளும் பழுப்பேறியிருந்தாள்.

ஸ்பிலியோஸைக் கூட்டிவந்து காட்டினேன்.

"எண்ணு."

"அஞ்சு."

"அட்டையில?"

"அஞ்சு."

"அப்புறம் என்ன? வாயை மூடிட்டு இருந்தா அடுத்த பட்டியல்ல உன் பேரு இருக்கும்."

எட்டு மாதம் மூடிக்கொண்டிருந்தேன். அடுத்த பட்டியலை நாளைக்குத்தான் ஒட்டுவார்கள். இன்று காலை அட்டையில் ஆறு பேர் என்று போட்டிருக்கிறது.