பெட்டிஷன் கனகசுந்தரம்

"அயோக்கியன்! என்ட மனிசியின்ட பேரைத் திருடி ஒளிச்சு வைச்சிருக்கிறான்!"

பினாங்கு கெலுகோரில் தன் வீட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கனகசுந்தரம் போட்ட சத்தத்தில், அடுப்படியில் மிளகாய் வறுத்துக்கொண்டிருந்த செல்வநாயகி கரண்டியோடு ஓடி வந்தார்.

"ஆர் திருடினது?"

"ஜபருல்லா! டவுன்ல மசாலாக் கடை வைச்சிருக்கிறானே, அவன்தான். இஞ்ச பாரும்."

ஜபருல்லாவின் இணையப் பக்கத்தில் மவுஸை அழுத்தியபடி மேலிருந்து கீழே இழுத்தார். ஒன்றுமே இல்லாத அடிப்பகுதி நீலமாகி, அதில் எழுத்துகள் தெரிந்தன. 'செல்வநாயகி யாழ்ப்பாணக் கறித்தூள்' என்று பன்னிரண்டு தடவை! வெள்ளைப் பக்கத்தில் வெள்ளை எழுத்து. படிக்கிற ஆளுக்குத் தெரியாது. தேடித் தருகிற சர்ச் எஞ்சினுக்கு மட்டும் தெரியும்.

"இதைத்தானே நீங்களும் செய்தனீங்கள்?" என்றார் செல்வநாயகி.

"நான் செய்தது விளம்பரம். அவன் செய்தது களவு."

அந்த விளம்பரத்தின் லட்சணத்தைக் கேளுங்கள். தொண்ணூற்றெட்டில், மனைவியின் தூளை விற்க இணையத்தில் ஒரு பக்கம் திறந்தார் மனிதர். அடியில் 'கறித்தூள்' என்று நானூறு தடவை வெள்ளையில் அடித்தார். அதோடு விட்டாரா? உலகக் கோப்பை, லாட்டரி ரிசல்ட், முடி கொட்டுவதற்கு மருந்து என்று எல்லாவற்றையும் சேர்த்தார். உலகத்தில் யார் எதைத் தேடினாலும் செல்வநாயகியின் தூள் முன்னால் வந்து நின்றது. நார்வேயிலிருந்து ஒருவர், இதை மொட்டைத் தலையில் காலையில் தேய்ப்பதா, மாலையிலா என்று கேட்டு எழுதினார்.

சர்ச் எஞ்சின் கம்பெனிக்காரன் முழித்துக்கொண்டான். தேடல் பட்டியலிலிருந்து பக்கத்தையே தூக்கிவிட்டான். பெயரைச் சொல்லித் தேடினாலும் இனி வராது.

முப்பது வருடம் அரசாங்க ஆபீசில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்தவர் சும்மா இருப்பாரா? 'தங்கள் பணிவுள்ள ஊழியன்' என்று முடித்து, மூன்று பிரதி எடுத்து, ஜே.பி. எனும் சமாதான நீதவான் ஒருவரிடம் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, அமெரிக்காவுக்கு ரிஜிஸ்தர் தபாலில் பெட்டிஷன் அனுப்பினார். பதில் இல்லை.

ஆனால் பாருங்கள், ஆர்டர் மட்டும் நிற்கவே இல்லை. ஃபோன் மணி அடித்துக்கொண்டே இருந்தது. கனகசுந்தரத்துக்கு உயிர் வந்தது. ஜூனில் மகள் தவமணியின் கல்யாணம். செலவு முழுக்க இந்தத் தூளை நம்பித்தான்.

"தூளின்ட தரம்! பக்கம் இல்லாட்டியும் சனம் தேடி வருது பாத்தீரா?" என்று மார்தட்டிக்கொண்டிருந்தவர் கண்ணில்தான் இப்போது ஜபருல்லாவின் வெள்ளை எழுத்து பட்டிருக்கிறது.

"இஞ்சாருங்கோ, ஒருக்கா அவரிட்டக் கேட்டுப் பாருங்கோவன்."

"கேக்கிறதாவது! எல்லாம் எழுத்திலதான்."

இந்த முறை சர்ச் எஞ்சின் கம்பெனிக்கு ஈமெயில். பதினொரு பத்திகள். ஒளித்து எழுதுவது எவ்வளவு பெரிய பாவம் என்று அவர் எழுதியிருந்ததைப் படித்தால் கல்லும் கரையும்.

மூன்றாம் நாளே பதில் வந்தது: 'தகவலுக்கு நன்றி. அந்தப் பக்கத்தை நீக்கிவிட்டோம்.'

"இதுதான் நீதி!" என்றார். வீட்டில் அன்றைக்குப் பாயாசம்.

அடுத்த வாரம் ஃபோன் அடிக்கவில்லை. அதற்கடுத்த வாரமும் அடிக்கவில்லை. ஃபோன் ஆபீசுக்கு ஒரு பெட்டிஷன் போனது. பார்க்க வந்த ஆள், "ஃபோன் நல்லாத்தான் இருக்கு அங்கிள்" என்று சொல்லி, ஒரு பாக்கெட் தூள் வாங்கிக்கொண்டு போனான். பதினைந்து நாளில் விற்றது அது ஒன்றுதான்.

இடித்த தூள் இருபது கிலோ அப்படியே கிடந்தது. கல்யாண மண்டபத்துக்காரர் முன்பணம் கேட்டு ஆள் அனுப்பிவிட்டார். செல்வநாயகியின் முகத்தைப் பார்க்கவே கனகசுந்தரத்துக்குப் பயமாக இருந்தது.

சனிக்கிழமை காலை வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ஜபருல்லா!

"மன்னிச்சிருங்கண்ணே. இனிமே உங்களுக்கு ஆள் அனுப்ப முடியாது லா."

"என்ன ஆள்?"

"தூளுக்குத்தான். உங்க பக்கத்தைத் தூக்கினதுலேர்ந்து, அக்கா பேரைத் தேடுறவங்களுக்கு ஒண்ணும் கிடைக்கல. அதான் அக்கா பேரை என் பக்கத்துல அடியில எழுதி வச்சேன். தேடுனா என் பக்கம் வரும். எனக்கு ஃபோன் பண்ணுவாங்க. நான் உங்க நம்பரைக் குடுத்துருவேன்."

கனகசுந்தரம் அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"அதை... ஏன் தம்பி ஒளிச்சு எழுதினீர்?"

"வெளியில தெரிஞ்சா வேணாம்னுருவீங்க. நீங்க ரோஷக்காரரு. அடுத்த மாசம் தவமணிக்குக் கல்யாணம் வேற."

செல்வநாயகி கணவரைப் பார்த்தார். கணவர் தரையைப் பார்த்தார்.

"எவனோ பெட்டிஷன் போட்டுட்டான் அண்ணே. என் பக்கமும் போச்சு, யாவாரமும் பாதி போச்சு." ஜபருல்லா நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டார். "உங்களை மாதிரி இங்கிலீஷ் எழுத பினாங்குல ஆளே கிடையாது. பக்கத்தைத் திருப்பிக் கேட்டு எனக்கு ஒரு பெட்டிஷன் எழுதித் தாங்க. ஆனா, புகார் குடுத்தவன் மேல மட்டும் ஒண்ணும் எழுதிறாதீங்கண்ணே. பாவம், அவன் வீட்டுல என்ன கஷ்டமோ!"