நம்ப முடியாத காதல்

படாரென்று கதவைத் தள்ளிக்கொண்டு எடிட்டிங் அறைக்குள் நுழைந்தார் டைரக்டர்.

"பாத்தியாடா தம்பி? கொலைகாரனைப் பிடிக்கிறதெல்லாம் பிரமாதமாம். இன்ஸ்பெக்டரும் டாக்டரம்மாவும் காதலிக்கிறதைத்தான் நம்ப முடியலையாம்! பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி நிக்கிறாங்கன்னு ரசிகருங்க கிழிகிழின்னு கிழிக்கிறாங்க. இந்த வாரமும் இப்படின்னா, சீரியலையே நிறுத்திடுவேன்னு சேனல்காரன் சொல்லிட்டான்."

"பிரிவுக் காட்சியைப் போட்டுக் காட்டறேண்ணே" என்றான் எடிட்டர்.

திரையில் இருவரும் வசனத்தை ஒப்பித்தார்கள். டைரக்டர் தலையில் அடித்துக்கொண்டார். வசனம் முடிந்தும் படம் ஓடியது. டாக்டரம்மா கலங்கிய கண்ணோடு இன்ஸ்பெக்டரின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள். பிறகு கையை அவன் நெஞ்சிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

எடிட்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவசரமாக நிறுத்தினான்.

"ஏண்டா நிறுத்துற? இதுதாண்டா காதல்! இதையே போடு!" என்று துள்ளினார் டைரக்டர். "இப்படியொரு ஷாட்டை நான் எப்படா எடுத்தேன்?"

எடிட்டர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"நீங்க எடுக்கலண்ணே. நீங்க கட் சொல்லிட்டு வெளியே போன பிறகும் கேமரா ஓடிக்கிட்டே இருந்திருக்கு... அது டாக்டரம்மாவா நடிக்கிற நம்ம அண்ணிக்குத் தெரியாது."