ரஸ்ஸல் மட்டும் உள்ளே

"அடுத்தது ஓட்டு. எல்லாரும் கிளம்புங்க!" என்றார் தலைவி டார்லீன்.

ஆட்டிசம் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் மொத்தம் ஆறு பேர். ஐந்து பேர் எழுந்தார்கள். கோட்டை மாட்டிக்கொண்டு, கையில் காபியோடு, சர்ச் அடித்தளத்தின் கதவைத் திறந்து வெளிப் படிக்கட்டுக்குப் போய்விட்டார்கள். கனடாவின் மனிடோபா மாகாணத்து ஜனவரிக் குளிர் ஒரு எட்டு உள்ளே வந்துவிட்டுப் போனது.

மிஞ்சியவன் ரஸ்ஸல். முப்பதைத் தாண்டியவன். அவனுக்கு எதிரே வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தவர் ஃப்ளெட்சர். சங்கத்துக்கு நிதி கொடுக்கும் அறக்கட்டளையிலிருந்து, கணக்கையும் நிர்வாகத்தையும் எடைபோட வந்தவர்.

"இந்த வருஷமும் சனிக்கிழமை நீச்சல் குளத்தை நம்ம பிள்ளைங்களுக்காக வாடகைக்கு எடுக்கணும். சத்தமும் வெளிச்சமும் அதிகமானா அவங்களுக்கு ஆகாது, அதனால பாட்டு கூடாது, பாதி விளக்கு போதும். ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க," என்று சுவரைப் பார்த்துச் சொன்ன ரஸ்ஸல், தானே கையைத் தூக்கினான். "எதிர்க்கிறவங்க?" நாலு பக்கமும் பார்த்தான். "யாருமில்ல. ஏகமனதா நிறைவேறுது."

கதவைத் தட்டினான். ஐவரும் பனியை உதறிக்கொண்டு உள்ளே வந்தார்கள்.

"பாஸா?"

"பாஸ். அடுத்து, குளத்துத் தண்ணியைச் சூடு பண்ற செலவு."

ஐவரும் மறுபடி கோட்டை மாட்டினார்கள். ஃப்ளெட்சருக்குப் பொறுக்கவில்லை.

"என்னம்மா கூத்து இது? கண்ணாமூச்சி ஆடறீங்களா?"

"நீங்க போட்ட விதிதான் சார்," என்றார் டார்லீன். "ஒரு முடிவால யாருக்கு லாபமோ, அவங்க ஓட்டு நேரத்துல ரூம்ல இருக்கக் கூடாது. எங்க அஞ்சு பேரு பிள்ளைங்களும்தான் அந்தக் குளத்துல நீந்துதுங்க."

"சம்பந்தமில்லாத ஆளுங்களைக் குழுவில போட வேண்டியதுதானே?"

"சம்பந்தமில்லாதவன் இந்தக் குளிர்ல, இந்த அடித்தளத்துக்கு எதுக்கு சார் வரான்?" என்றார் பொருளாளர் வெஸ்லி.

"அப்ப இவரு?"

"எனக்கும் ஆட்டிசம்தான்," என்றான் ரஸ்ஸல். "ஆனா தண்ணின்னா பயம். குளத்துப் பக்கமே போக மாட்டேன். பிள்ளைகுட்டியும் கிடையாது. அதோட, இவங்க வெளிய போனா ரூம் அமைதியா இருக்கு."

"நல்லா இருக்கு! தலையாட்ட ஒருத்தரை வெச்சுக்கிட்டு நிர்வாகம் நடத்தறீங்க."

"தலையாட்டறானா?" டார்லீனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "போன வருஷம், என் பதவி எங்கள்ல யாருக்கு வேணா வரலாமேன்னு அஞ்சு பேரும் வெளிய நின்னப்ப, என்னையே பதவியிலேர்ந்து இறக்கிட்டான் சார்! கூட்டத்தை நேரத்துக்கு முடிக்கலையாம். மறு மாசம்தான் திரும்ப ஏத்தினான்."

"திருந்தினாங்க," என்றான் ரஸ்ஸல்.

ஃப்ளெட்சர் ஆழம் பார்த்தார். "இவ்வளவு உழைக்கிற ரஸ்ஸலுக்கு சங்கம் ஏதாவது சம்பளம் குடுக்கலாமே?"

சொல்லி முடிப்பதற்குள் ரஸ்ஸல் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

ஐவருக்கும் தலைகால் புரியவில்லை. ரெண்டு வருஷத்தில் முதல் முறையாக ஓட்டுப் போடப் போகிறார்கள்! ஆளாளுக்கு எழுந்து பேசினார்கள். சந்தோஷத்தில் வெஸ்லி இரண்டு கைகளையும் தூக்கிவிட்டார். கடைசியில் தீர்மானம் எப்படியோ தோற்றுப்போனது. ஏன் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

"இந்த லட்சணத்துல நான் எப்படிம்மா பாஸ் போடறது? நிதியை நிறுத்தத்தான் சொல்லணும்," என்றார் ஃப்ளெட்சர்.

டார்லீனின் முகம் சுருங்கிப்போனது. "வாரத்துல என் பொண்ணு வாய்விட்டுச் சிரிக்கிறதே அந்தத் தண்ணியில ஒரு மணி நேரம்தான் சார். அதையும் பிடுங்கிடாதீங்க."

கதவுக்கு வெளியே கேட்டுக்கொண்டிருந்த ரஸ்ஸல், கைகளைத் தேய்த்துக்கொண்டே உள்ளே வந்தான். "எங்களுக்கு நிறுத்தினா அந்தப் பணம் யாருக்குப் போகும் சார்?"

"வரிசையில அடுத்தது கர்லிங் கிளப். அவங்க கூரை ஒழுகுது."

"பனிக்கட்டி மேல கல்லைத் தள்ளி விளையாடுவாங்களே, அதுவா? நீங்க அங்க ஆடுவீங்களா?"

ஃப்ளெட்சர் தொண்டையைக் கனைத்தார். "எப்பவாவது... அதாவது, வாரா வாரம்."

"அப்ப நீங்க வெளிய போகணும்."

ஃப்ளெட்சரின் காது சிவந்தது. "சேச்சே, நான் அதுக்காகச் சொல்லல! சரி விடுங்க, குளத்துக்கே குடுக்கச் சொல்லிடறேன். திருப்திதானே?"

ஐவர் முகமும் மலர்ந்தது.

"திருப்தியில்ல," என்றான் ரஸ்ஸல். "அப்பவும் சொல்றது நீங்கதானே? வெளிய போங்க."

"டேய், கைக்கு எட்டினதைத் தட்டி விடாதடா!" என்று பல்லைக் கடித்தார் வெஸ்லி.

"நீங்கல்லாம் ரெண்டு வருஷமா குளிர்ல நிக்கலையா? அவரும் நிக்கட்டும்." ரஸ்ஸலே போய் ஃப்ளெட்சரின் கோட்டை எடுத்துவந்து நீட்டினான். அவன் முகத்தில் கேலி துளிகூட இல்லை. அதுதான் ஃப்ளெட்சரை என்னவோ செய்தது.

மெல்ல எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டார். "தம்பி சொல்றது நியாயம். கிளப்புல சேராத வேற ஆளை அனுப்பச் சொல்றேன். அவர் வந்து பார்க்கிற வரைக்கும் உங்க நிதி நிக்காது, வந்துக்கிட்டே இருக்கும். அதுவும் விதிதான்."

"அவர் எப்ப சார் வருவார்?" என்றார் டார்லீன் கவலையோடு.

ஃப்ளெட்சர் வாசலில் நின்று விரல்விட்டு எண்ணினார். தலைவர், செயலாளர், கணக்கர், டீ போடுகிறவர்... விரல்கள் தீர்ந்துபோயின.

"எங்க ஆபீஸ்ல அந்த கிளப்புல சேராதது நாற்காலிங்க மட்டும்தாம்மா."